வளவு வீட்டுக்கு ‘வார்ம்’ ஸ்பீக்கர் பொருந்துமா?

அலமாரியில் வைக்கத்தக்க சிறிய ஹை-ஃபை ஸ்பீக்கர் தேடுவோர் பெரும்பாலும் முதலில் கேட்பது ‘வார்ம்’ ஆன, செழுமையான மிட்ரேஞ்ச். காரைக்குடிப் பக்கம் இந்த விருப்பத்தில் நியாயம் இருக்கிறது. சாம்பசிவ ஐயர் பேர் சொல்லும் காரைக்குடி வீணைப் பாணியானாலும், 1940-களில் ஏ.வி. மெய்யப்பன் இவ்வூரில் ஸ்டூடியோ நடத்திய நாளில் உருவான ‘நாம் இருவர்’ (1947) போன்ற படங்களின் பாடல்களானாலும், அவற்றின் உயிர் மிட்ரேஞ்சில்தான் இருக்கிறது. அந்தப் பகுதி மெலிந்தால் குரலில் உடல் இராது. கமகம் வெறும் கோடாகிவிடும். ஆகவே மிட்ரேஞ்சுக்கு முதலிடம் கொடுப்பது சரியே. அதை எப்போதும் கூட்டி ஒலிக்கும் ஸ்பீக்கரை நாடுவதுதான் பிழை.

இரண்டும் வேறு என்பதற்கு பிபிசியின் எல்எஸ்3/5ஏ நல்ல சான்று. 1970-களில், வெளிப்புற ஒலிபரப்பு வண்டி போன்ற குறுகிய இடங்களில் பேச்சைக் கண்காணிப்பதற்காக அந்த நிறுவனப் பொறியாளர்கள் வடிவமைத்த சிறு பெட்டி அது. மனிதக் குரலை உள்ளபடி தர வேண்டும் என்பதே நோக்கம். அதன் மிட்ரேஞ்சை உலகம் இன்றும் கொண்டாடுவது அதனால்தான். அதே பெட்டியில், ஆழ்ந்த பேஸ் இல்லாத குறையை மறைக்க மேல் பேஸில் சிறு மேடும் உண்டு. உண்மையால் வந்த இனிமையும் ஒப்பனையால் வந்த இதமும் அதில் சேர்ந்தே இருக்கின்றன. பின்னால் வந்த பல ‘வார்ம்’ ஸ்பீக்கர்கள் ஒப்பனையை மட்டும் எடுத்துக்கொண்டு, 150 முதல் 400 ஹெர்ட்ஸ் வரை சற்று உயர்த்தி, 2000 ஹெர்ட்ஸ் அருகே தணித்துவிடுகின்றன. ழகரத்தையும் ளகரத்தையும் காது பிரித்தறிவது சுமார் 1500 ஹெர்ட்ஸுக்கு மேலுள்ள ஒலிகளைக் கொண்டு. அதைத் தணித்தால் பாட்டு இதமாகும், ஆனால் சொல் மங்கும்.

செட்டிநாட்டு வளவு வீட்டில் இந்தக் குறை இரட்டிப்பாகிறது. ஆத்தங்குடிக் கல் பதித்த தரை, மெருகேற்றிய சுண்ணாம்புப் பூச்சு, பர்மா தேக்கு என எல்லாமே ஒலியைத் திருப்பி அடிப்பவை. 6 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம், 4 மீட்டர் உயரமுள்ள அறை ஒன்றின் பரப்புகள் சராசரியாக 5 சதவீத ஒலியையே உறிஞ்சினால், சபைன் வாய்பாட்டின்படி அங்கே ஒலி தேய்ந்து அடங்க ஏறத்தாழ 2.4 விநாடி ஆகும். வீட்டில் இசை கேட்க அரை விநாடி அளவே போதும். இங்கே காதை உறுத்தும் கூர்மை பெரும்பாலும் அறையிலிருந்து வருவது. அதற்கு மருந்தாக மெல்லிய திரையும் ஜமக்காளமும் போட்டால் அவை டிரெபிளை உறிஞ்சும்; சில நூறு ஹெர்ட்ஸ் பகுதி முழங்கிக்கொண்டே இருக்கும். ஸ்பீக்கரைச் சுவரை ஒட்டியோ மாடத்திலோ வைத்தால் கீழ்ப்பகுதி 6 டெசிபல் வரை ஏறவும் கூடும். இவற்றின்மேல் ‘வார்ம்’ ஸ்பீக்கரும் சேர்ந்தால் மிருதங்கத்தின் தொப்பி தம்புராவோடு கலந்து குழம்பும்.

பழைய பதிவுகள் மெலிந்தவை, அவற்றுக்குச் சதை கூட்ட வேண்டாமா என்று கேட்கலாம். வேண்டும்தான். அதற்கு ஆம்ப்ளிஃபயரின் டோன் கட்டுப்பாடே போதும். பாட்டுக்கேற்பத் திருகி, அடுத்த பாட்டில் பழைய நிலைக்குத் திரும்பலாம். ஸ்பீக்கரில் பதிந்த நிறத்தை அப்படி நீக்க முடியாது. பாரம்பரிய வீட்டை மாற்ற முடியாதே என்பதும் உண்மையான இடர்ப்பாடு. ஆனால் பூச்சைத் தொட வேண்டியதில்லை. மேலே சொன்ன அறையில், பாதி ஒலியை உறிஞ்சும் தடித்த, மடிப்புகள் நிறைந்த திரை, மெத்தை, நூல் நிறைந்த அலமாரி ஆகியவை 16 சதுர மீட்டரை மறைத்தால் 2.4 விநாடி சுமார் 1.1 ஆகக் குறையும். முழுத் தீர்வு அன்று. ஆனாலும் எந்த ஸ்பீக்கரை மாற்றினாலும் கிட்டாத முன்னேற்றம். கேட்பவர் காதுக்குப் பிடித்தால் போதாதா என்பது மூன்றாவது வாதம். காதே நீதிபதி, ஆனால் கடையின் மெத்தையிட்ட அறையில் கேட்டது வீட்டு வழக்குக்குச் சாட்சியாகாது.

ஆகவே தேர்வின் வரிசையை மாற்ற வேண்டும். முதலில் அறையை அடக்குக. பிறகு 100 முதல் 3000 ஹெர்ட்ஸ் வரை மேடுபள்ளம் குறைந்த, வூஃபரும் ட்வீட்டரும் கைமாறும் இடம் காதில் படாத ஸ்பீக்கரை வீட்டுக்கே கொண்டுவந்து, சுவரிலிருந்து இரண்டடியாவது தள்ளி வைத்துக் கேட்கவேண்டும். ஓர் ஆண் குரல், ஒரு பெண் குரல், ஒரு வீணை, மூன்றையும் தாழ்ந்த ஒலியளவில். மூன்றும் ஒரே சாயலில் இதமாக ஒலித்தால் அந்தப் பெட்டியை விலக்குக. மூன்றும் தத்தம் உடலோடு வேறுவேறாக நின்றால் அதையே வாங்குக. வீணைக்குச் செழுமை அதன் பலாமரக் குடத்திலேயே இருக்கிறது. அதைக் குறைக்காமல் கடத்துவதே ஸ்பீக்கரின் கடமை.