யாருடைய வாய்? குறள் 423, 355 உரைகளின் வழித் தற்சிந்தனை குறித்த ஒரு திறனாய்வு

முன்னுரை

மனிதன் தானாகச் சிந்திக்கிறானா, அல்லது பிறர் சிந்தித்து வைத்தவற்றைத் தன் சிந்தனை என்று எண்ணிக்கொள்கிறானா என்னும் வினா, இக்காலச் சமூகவியலாரும் உளவியலாரும் எழுப்பிய வினாவாகவே பெரிதும் கருதப்படுகிறது. பிறந்த குடி, வளர்ந்த சூழல், பெற்ற கல்வி ஆகியன ஒருவரின் எண்ணங்களை அவர் அறியாமலேயே உருவாக்கிவிடுகின்றன. இதனை இக்கட்டுரை 'சமூக வார்ப்பு' எனக் குறிக்கிறது. தமிழ் மரபுக்கு இவ்வினா புதியதன்று. திருக்குறளின் 423-ஆம் குறளும் 355-ஆம் குறளும் இதனை நேராகவே தொடுகின்றன. அவ்விரு குறள்களையும், அவற்றோடு முரண்படுவன போலத் தோன்றும் 140, 426, 850 ஆகிய குறள்களையும் பரிமேலழகர் உரையை முதன்மையாகக் கொண்டு ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும். இக்குறள்களை வகுப்பறையில் கற்பிக்கும் ஆசிரியர்க்கு இவ்வாய்வு உணர்த்தும் கடப்பாடு ஒன்றும் இறுதியில் சுட்டப்படுகிறது.

இரு குறள்கள், இருவகைத் தடைகள்

குறள் 423 பொருட்பாலில் அறிவுடைமை அதிகாரத்தில் அமைந்தது. குறள் 355 அறத்துப்பாலில் மெய்யுணர்தல் அதிகாரத்தில் அமைந்தது. இரண்டும் ஒரே சொல்லில் தொடங்குகின்றன. இரண்டின் ஈற்றடியும் ஒன்றே. முதலடியின் இடைப்பகுதி மட்டுமே வேறுபடுகிறது. ஒரு கருத்தை எவர் கூறக் கேட்டாலும் அதன் உண்மையைக் காண வேண்டும் என்பது முன்னது. ஒரு பொருள் எத்தன்மையதாகத் தோன்றினாலும் அதன் உண்மையைக் காண வேண்டும் என்பது பின்னது.

இவ்வேறுபாடு சிறிதாகத் தோன்றினும் ஆழமானது. சிந்தனைக்கு வரும் தடைகளை வள்ளுவர் இருவகைப்படுத்துகிறார் என்று இதனைக் கொள்ளலாம். ஒன்று, சொல்பவர் யார் என்பதால் வரும் தடை. மற்றொன்று, பொருளின் தோற்றத்தால் வரும் தடை. முதலாவது பிறர் சொல்லின் வழியே நம்மை வந்தடைவது. இரண்டாவது நம் கண்ணிலேயே படிந்திருப்பது.

குறள் 423 இடம்பெறும் அதிகாரம் கேள்வி அதிகாரத்தை அடுத்து வருவது கருதத்தக்கது. கல்லாதவனும் கேட்க வேண்டும், எவ்வளவு சிறிதாயினும் நல்லவற்றைக் கேட்க வேண்டும் என்று வலியுறுத்திய பின்னரே, கேட்டதைக் கேட்டபடி கொள்ளாதே என்கிறார் வள்ளுவர். எனவே, தற்சிந்தனை என்பது பிறர் சொல்லுக்குச் செவியடைத்துக்கொள்வதன்று. கேட்டலே அதன் முதற்படி.

பரிமேலழகர் காட்டும் காரணம்

குறள் 423-க்கு உரை காணும் பரிமேலழகர் வெறும் பொழிப்போடு நின்றுவிடவில்லை, காரணமும் கூறுகிறார். முக்குணங்களும் மாறி மாறி வருவது எல்லார்க்கும் உரிய இயல்பு. ஆதலால் உயர்ந்த பொருள் இழிந்தாரிடமிருந்தும், இழிந்த பொருள் உயர்ந்தாரிடமிருந்தும், நன்மை தருவது பகைவரிடமிருந்தும், கேடு தருவது நண்பரிடமிருந்தும் ஒரோவழிக் கேட்கப்படலாம் என்பது அவர் விளக்கம்.

இவ்விளக்கத்தில் இரு செய்திகள் உள்ளன. முதலாவது, எவருடைய வாயும் என்றும் ஒரே தன்மையுடையது அன்று. ஆகவே, சான்றோர் என்பதற்காக ஒருவர் கூற்றுக்குச் சோதனையிலிருந்து விலக்கு அளிக்க இயலாது. இரண்டாவது, நட்பையும் பகையையும் அவர் சேர்த்துக் கூறியிருப்பது. அதிகாரமுடையோர் சொல்வதை அஞ்சி ஏற்பதையே நாம் பொதுவாகச் சமூக வார்ப்பு என்கிறோம். அன்புடையோர் சொல்வதை ஆராயாமல் ஏற்பதும், பிடிக்காதவர் சொல்வதை ஆராயாமல் தள்ளுவதும் அதே வார்ப்பின் பகுதிகளே என்பதை இவ்வுரை உணர்த்துகிறது.

குறள் 355-இன் உரை இதனினும் வியப்பளிப்பது. பொருள்தோறும் உலகத்தார் தாமே கற்பித்துக்கொண்டு வழங்கும் கற்பனைகளைக் கழித்து, எஞ்சி நிற்கும் உண்மையைக் காண்பதே மெய்யுணர்வு என்கிறார் பரிமேலழகர். எடுத்துக்காட்டாக, கோச்சேரமான் யானைக்கட்சேய் மாந்தரஞ்சேரல் இரும்பொறை என்னும் சங்ககால மன்னனின் பெயரை எடுத்துக்கொள்கிறார். அப்பெயரைப் பகுத்து, அரசன் என்னும் சாதி, சேரமான் என்னும் குடி, யானையின் நோக்கினை உடையவன் என்னும் வடிவு, சேய் என்னும் இயற்பெயர், மாந்தரஞ்சேரல் இரும்பொறை என்னும் சிறப்புப்பெயர் ஆகிய ஐந்தும் ஒரு பொருளின்மேல் ஏற்றப்பட்ட கற்பனைகளே என்று காட்டுகிறார்.

சாதியும் குடியும் பட்டமும் பொருளின் இயல்பல்ல, உலகம் அதன்மேல் ஏற்றிய கற்பனை என்று 13-ஆம் நூற்றாண்டினராகக் கருதப்படும் உரையாசிரியர் ஒருவர் எழுதியிருப்பது நம் உரைமரபின் பெருமைக்குரிய இடங்களுள் ஒன்று. சமூக வார்ப்பு எவ்வாறு செயற்படுகிறது என்பதற்கு இதைவிடச் செறிவான விளக்கத்தைத் தமிழில் காண்பது அரிது.

சிந்தனை நிற்கும் இடம்

ஆயினும் இதே பரிமேலழகர் தம் உரைப்பாயிரத்தில், மனு முதலிய நூல்கள் விதித்தவற்றைச் செய்தலும் விலக்கியவற்றை ஒழித்தலுமே அறம் என வரையறுக்கிறார். ஒழுக்கம் என்பதையும், அந்தணர் முதலிய வருணத்தார் தத்தமக்கு விதிக்கப்பட்ட நிலைகளில் வழுவாது ஒழுகுதல் என்றே விளக்குகிறார். ஓரிடத்தில் கற்பனை எனக் கழிக்கப்பட்ட சாதி, மற்றோரிடத்தில் அறத்தின் அடித்தளமாக நிற்கிறது.

இதனை உரையாசிரியரின் மறதி என்று தள்ளிவிட முடியாது. அவர் தரப்பில் ஒரு நியாயம் உண்டு. குறள் 355 துறவறவியலில் வருவது. வீடுபேற்றை நாடுவோனுக்கு உரியது. உலகியலில் நிற்போனுக்கு உலகியல் முறைகளே பொருந்தும் என்பது அவர் காலத் தத்துவ மரபு ஏற்றுக்கொண்ட பாகுபாடு. அந்தப் பாகுபாட்டுக்குள் அவர் கூற்றுகள் முரணற்றவை.

ஆனால், சிக்கல் அந்தப் பாகுபாட்டிலேயே இருக்கிறது. துறவிக்குச் சாதி கற்பனை, இல்லறத்தானுக்கு அது விதி என்று கோடு கிழித்தவர் யார்? அக்கோட்டை அவர் ஆராயவில்லை. அவர் காலமும் கல்வியும் அதனை அவருக்கு ஆயத்தமாகக் கொடுத்திருந்தன. சமூக வார்ப்பு மனிதனைச் சிந்திக்க விடாமல் தடுத்துவிடுகிறது என்று பொதுவாகக் கூறுகிறோம். பரிமேலழகர் போன்ற பேரறிஞரின் நிலை வேறொன்றைக் காட்டுகிறது. வார்ப்பு சிந்தனையைத் தடுப்பதில்லை. சிந்தனை எங்கே நிற்க வேண்டும் என்பதை முடிவு செய்கிறது. எல்லைக்குள் எவ்வளவு கூர்மையாகவும் சிந்திக்கலாம். எல்லை மட்டும் கண்ணுக்குத் தெரிவதில்லை.

இது பழைய உரைக்கு மட்டும் உரிய குறையன்று. கணவனைத் தொழும் மனைவி குறித்த 55-ஆம் குறளுக்குப் பழைய உரைகள் கற்பின் ஆற்றலைப் போற்றும் பொருளே கண்டன. கலைஞர் மு. கருணாநிதியின் உரையோ, அத்தகைய மனைவி தன்னை அடிமையாகவே எண்ணிக்கொள்பவள் என்று பொருள் கொள்கிறது. முன்னதில் இடைக்காலக் குடும்ப அறமும் பின்னதில் இருபதாம் நூற்றாண்டுச் சமூகச் சீர்திருத்தமும் பேசுகின்றன. பின்னது நம் காலத்து உள்ளத்துக்கு உவப்பானது என்பதாலேயே அது குறளின் சொல்லமைப்புக்கும் பொருந்திவிடும் என்று கொள்வதற்கில்லை. நமக்கு உவப்பான உரையைக் கூடுதலாகச் சோதிக்க வேண்டும் என்பதே நட்டார் வாய் குறித்த பரிமேலழகர் எச்சரிக்கையின் பயன்.

உலகத்தோடு பொருந்தி வாழ்தல்

குறள் 423-க்கு மூன்று குறள்கள் தள்வி, அதே அதிகாரத்தில், உலகம் எவ்வாறு வாழ்கிறதோ அவ்வாறு அதனோடு வாழ்வதே அறிவு என்கிறது குறள் 426. ஒழுக்கமுடைமையின் இறுதிக் குறளான 140, உலகத்தோடு பொருந்தி நடக்கக் கல்லாதவர் பலவற்றைக் கற்றும் அறிவிலாதவரே என்கிறது. அறிவு என்பது ஆராய்ந்து காண்பதா, ஊரோடு ஒத்துப் போவதா?

இவ்விடத்தில் வினைச்சொற்களை உற்றுநோக்குதல் பயன் தரும். 423, 355 ஆகியவற்றில் வருவது காணல். 426-இல் வருவது உறைதல். 140-இல் வருவது ஒழுகல். உண்மையைக் காணும்போது எவருக்கும் தலைவணங்க வேண்டியதில்லை. பிறரோடு வாழும்போது அவர்களையும் கருத வேண்டும் என்பது வள்ளுவர் கருத்தாகலாம். மேலும், 426-ஐ அரசனுக்கு உரியதாகக் கொள்கிறார் பரிமேலழகர். தன்னை அடக்குவார் எவருமில்லை என்று கருதித் தான் நினைத்தபடி நடக்கும் அரசனுக்குப் பழியும் பாவமும் உண்டாகும் என்பது அவர் உரை. அவ்வாறாயின், அக்குறள் எளியோரைப் பணியச் சொல்வதன்று. வலியோர்க்கு இடும் தளையாகும்.

ஆயினும், இவ்விணக்கம் 850-ஆம் குறளிடம் தடுமாறுகிறது. உலகத்தார் உண்டு என்பதை இல்லை என்பவன் பேயாகக் கருதப்படுவான் என்னும் அக்குறள், நடத்தையைப் பற்றியதன்று, கருத்தைப் பற்றியது. பரிமேலழகர் 'உலகத்தார்' என்பதை உயர்ந்தோர் எனக் கொண்டு, கடவுள், மறுபிறப்பு, இருவினைப்பயன் முதலானவற்றை மறுப்பவனை அக்குறள் சுட்டுவதாகக் கூறுகிறார். அக்குறளின் வினை செயப்பாட்டு வடிவில் அமைந்திருத்தலின், மாறுபட்டுச் சிந்திப்பவனை உலகம் எவ்வாறு நடத்துகிறது என்னும் செய்தியாகவும் அதனைக் கொள்ள இடமுண்டு. ஆனால் அது புல்லறிவாண்மை அதிகாரத்தில் நிற்பதால் அவ்விளக்கம் முழுமையாகப் பொருந்தவில்லை. வள்ளுவரைக் காப்பாற்றும் பொருட்டு வலிந்து பொருள் கொள்வதைவிட, இம்முரணை முரணாகவே ஏற்றுக்கொள்வது நேர்மையானது.

வகுப்பறையில் குறள் 423

மலேசியத் தமிழ்ப்பள்ளிப் பாடத்திட்டத்தில் 'செய்யுளும் மொழியணியும்' என்னும் பகுதியில் திருக்குறள் இடம்பெறுகிறது. மாணவர் குறளையும் அதன் பொருளையும் அறிந்து கூறவும் எழுதவும் பயில்கின்றனர். 1949-ஆம் ஆண்டில் வெளிவந்த மு. வரதராசனாரின் தெளிவுரையும் அதன் வழிவந்த சுருக்கங்களுமே பெரும்பாலோர்க்குத் திருக்குறளின் பொருளாக விளங்குகின்றன. குறள் 423-க்கு மு.வ. எழுதிய உரையில், கேட்டவாறே கொள்ளக்கூடாது என்னும் கருத்து அடைப்புக்குறிக்குள் தரப்பட்டுள்ளது. கேட்டவாறே கொள்ளாதே என்பதைக் கேட்டவாறே ஒப்புவிக்கும் நிலை இன்று பல வகுப்பறைகளில் நிகழ்கிறது.

மனனத்தைக் குறை கூறுவது இக்கட்டுரையின் நோக்கமன்று. நெஞ்சில் நில்லாத செய்யுளை எவரும் ஆராய முடியாது. குறை மனனத்தில் இல்லை. மனனத்தோடு பாடம் முடிந்துவிடுவதில் உள்ளது. சிங்கப்பூரில் 1997-ஆம் ஆண்டு முதல் சிந்திக்கும் பள்ளிகள் என்னும் முழக்கம் கேட்கிறது. மலேசியாவில் 2013–2025 கல்விப் பெருந்திட்டம் உயர்நிலைச் சிந்தனைத் திறனை வலியுறுத்தியது. 2021-ஆம் ஆண்டில் யுபிஎஸ்ஆர் தேர்வும் அகற்றப்பட்டது. கொள்கையும் தேர்வும் மாறினாலும், செய்யுளுக்கு ஒரே பொருள், அது ஆசிரியர் தரும் பொருள் என்னும் பழக்கம் தானாக மாறிவிடாது.

செய்யத்தக்கவை எளியனவே. குறள் 423-ஐயும் 426-ஐயும் ஒரே பாடவேளையில் அருகருகே வைத்து, இவை முரண்படுகின்றனவா என்று வினவலாம். மேல்நிலை மாணவர்க்கும் பல்கலைக்கழக மாணவர்க்கும் 55-ஆம் குறளின் இருவேறு உரைகளைத் தந்து, குறளின் எந்தச் சொல் எந்த உரைக்கு இடமளிக்கிறது என்று காட்டச் சொல்லலாம். சொற்பொருள், தொடரமைப்பு, அதிகார இயைபு ஆகிய மூன்றுமே அளவுகோல்கள். இவ்வளவுகோல்கள் இன்றேல் தற்சிந்தனை மனம்போனவாறு பொருள் கூறுதலாக முடியும்.

முடிவுரை

மனிதர் உண்மையில் தாமாகச் சிந்திக்கின்றனரா என்னும் வினாவுக்கு, எதையும் பெறாமல் தொடங்கும் சிந்தனை எவருக்கும் இல்லை என்பதே இவ்வாய்வில் பெறப்படும் விடை. ஐயுறுவதற்குரிய சொற்களைக்கூட நாம் பிறரிடமிருந்தே பெற்றுள்ளோம். ஆகவே, சிந்தனையின் உரிமை அது எங்கிருந்து வந்தது என்பதில் இல்லை. அது சோதிக்கப்பட்டதா என்பதிலேயே உள்ளது. குறள் 423 கேட்டலை விலக்காமல் காணலை வற்புறுத்துவதன் கருத்து இதுவே.

அச்சோதனையிலிருந்து எவர்க்கு விலக்கு அளிக்கிறோம் என்பதே ஒவ்வொரு தலைமுறையின் வார்ப்பையும் காட்டிக்கொடுக்கும். பரிமேலழகர் மனுவுக்கு விலக்களித்தார். நாம் பரிமேலழகருக்கோ, மு.வ.வுக்கோ, நம் காலக் கொள்கைகளுக்கோ, வள்ளுவருக்கேயோ விலக்களிக்கக்கூடும். யார்யார்வாய்க் கேட்பினும் என்னும் தொடர் அக்குறளை எழுதியவரையும், அதற்கு உரை சொன்னவரையும், அதைக் கற்பிக்கும் ஆசிரியரையும் உள்ளடக்கியதே. இதனை மாணவர் முன் ஆசிரியரே எடுத்துரைத்து, தம் விளக்கத்தையே முதற்சோதனைக்கு உட்படுத்துவாராயின், குறள் 423 அவ்வகுப்பில் கற்பிக்கப்பட்டதாகக் கொள்ளலாம்.