கோல் சொல்லும் சேதி

கொள்ளுப்பிட்டிச் சந்தியிலிருந்து கிறீன் பாத் வழியாக நடந்தால், மரநிழலிலேயே தேசிய நூதனசாலைப் பக்கம் போய்விடலாம். அந்தத் தெருவுக்கு இன்று ஆனந்த குமாரசாமியின் பெயர். கண்டியக் கைவினைஞர்களின் உலையையும் உளியையும் அருகிலிருந்து பார்த்து, மத்தியகாலச் சிங்களக் கலை பற்றி 1908இல் ஆங்கிலத்தில் பெருநூல் எழுதியவர் அவர். துவக்கு ஒன்றைக் கலைப்பொருளாகப் பார்க்கப் போகிறவனுக்கு அவர் பெயர் தாங்கிய தெருவை விடப் பொருத்தமான வழி வேறில்லை.

1765இல் ஒல்லாந்தர் கண்டி அரண்மனையைச் சூறையாடியபோது அள்ளிப்போன பொருட்களில் ஆறு, 2023 டிசம்பரில் நெதர்லாந்திலிருந்து இந்த நூதனசாலைக்குத் திரும்பி வந்தன. பொன்னும் வெள்ளியும் மாணிக்கமும் பதித்த லெவ்கே திசாவையின் பீரங்கியைத்தான் எல்லோரும் பேசினார்கள். பேசத்தக்க பொருள்தான் அது. அதனோடு இரண்டு நீண்ட துவக்குகளும் வந்தன. சிங்களத்தில் 'மஹ துவக்கு' என்பார்கள், பெருந்துவக்கு. மதில்மேல் சாத்தி வைத்துச் சுடுவதற்கானவை. என் மனம் நின்றது அவற்றில்தான்.

துவக்கு என்ற சொல்லே பல கரை கண்டது. துருக்கியச் சொல் ஒன்று பாரசீகம் வழியே வந்து தமிழகத்தில் துப்பாக்கியாயிற்று, ஈழத்தில் துவக்காயிற்று, சிங்களத்தில் துவக்குவ ஆயிற்று. போர்த்துக்கேயர் 1505இல் இங்கே கரையிறங்கிய பிறகு, அவர்களுடைய ஆயுதத்தை உள்ளூர்க் கொல்லர்கள் கையில் எடுத்துப் பார்த்தார்கள். நூறு ஆண்டு செல்லுமுன்னே, இந்தத் தீவில் செய்த குழல்களைப் போல அழகானவை எங்கும் இல்லை என்று ஒல்லாந்தப் பயணி லின்ஸ்கோட்டன் எழுதும் நிலை வந்துவிட்டது. வெறுங்கையால் வந்த திறமையல்ல அது. சமனலவெவவில் பருவக்காற்றையே துருத்தியாக்கி இரும்பு உருக்கிய உலைகளைத் தொல்லியலாளர் ஜில் ஜூலெப் தோண்டியெடுத்து 1996இல் உலகுக்குச் சொன்னார். அவை ஆயிரம் ஆண்டுக்கும் முந்தியவை. இரும்பின் குணம் தெரிந்த கைகளிடம்தான் புது ஆயுதம் வந்து சேர்ந்தது.

கண்டியத் துவக்கை அடையாளம் காண்பது எளிது. பிடங்கு முடியுமிடத்தில் இரண்டாகப் பிளந்து சுருண்டு நிற்கும். குதிரையும் அதன் பொறியும் பெரும்பாலும் இடப்பக்கத்தில் இருக்கும். ஐரோப்பியத் துவக்கு பார்த்துப் பழகிய கண்ணுக்குக் கண்ணாடியில் தெரியும் பிம்பம் போலிருக்கும். மரத்தில் தந்தம், குழலில் வெள்ளி, பொறியெங்கும் கொடிக்கருக்கு. போர்த்துக்கேயர் காலத்துப் பொறியின் அமைப்பை அவர்கள் போன பின்னும் கண்டியர் விடவில்லை. அதை அப்படியே வைத்துக்கொண்டு, மேலே தங்கள் கொடியைப் படரவிட்டார்கள்.

இந்த வேலைப்பாட்டை யாரும் ரசிக்கலாம். ஆனால் எனக்கு இந்த வகைத் துவக்கின் அழகைக் காட்டித்தந்தது வேலைப்பாடே இல்லாத ஒன்று. வன்னியில் என் மாமாவிடம் அனுமதிப்பத்திரத்தோடு இருந்த இடியன் துவக்கு. வாய் வழியே மருந்தும் குண்டும் போட்டுக் கோலால் இடிப்பதால் அந்தப் பெயர். வயலுக்குப் பன்றி வரும் காலத்துக்கென்று புதிதாக வாங்கிய துவக்கை அவர் பழக்கிய விதம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

வந்த அன்றைக்கு அவர் அதைச் சுடவில்லை. முதலில் கோலை எடுத்துக் குழலுக்குள் மெல்ல இறக்கினார். அடி தட்டியதும், வாய் விளிம்புக்கு நேரே கோலில் நகத்தால் அடையாளம் வைத்தார். பிறகு கோலை வெளியே எடுத்துக் குழலுக்குப் பக்கத்தில் வைத்து அளந்தார். கோலின் நுனி தீத்துளை வரை வந்தது. "வெறுங்குழல்தான்," என்றார். புதுத் துவக்குத்தானே என்று நான் கேட்டதற்கு, "கடைக்காரன் சொன்னதைக் கேட்காத தம்பி, கோல் சொல்லுறதைக் கேள்," என்றார். அந்த இடத்தில் கத்தியால் ஒரு கீறு போட்டார். அது வெறுங்குழலின் அடையாளம். அளவான மருந்தும் குண்டும் போட்டு இடித்த பிறகு, அதற்கு மேலே இரண்டாவது கீறு. அதன்பின் எந்த இருட்டிலும் கோலை இறக்கி விரலால் தடவினாலே துவக்கின் வயிற்றில் என்ன இருக்கிறதென்று தெரியும்.

அந்த இரண்டாவது கீறு உயிர் காப்பது. குண்டு மருந்தின்மேல் அழுத்தி உட்கார வேண்டும். இடையில் வெளி விட்டால் குழல் வீங்கும், வெடிக்கவும் கூடும். மேல் கீறு வாய்க்குச் சரியாக வரும்வரை மாமா கோலை விடமாட்டார். இடிக்கும்போதும் முகத்தையும் உடம்பையும் குழல் வாய்க்கு நேரே கொண்டுபோக மாட்டார். மருந்தைப் போத்தலிலிருந்து நேரே சரிக்க மாட்டார். குழலுக்குள் தணல் ஒன்று மிஞ்சியிருந்தால் போத்தலே வெடித்துவிடும். சின்ன அளவுக் குவளையில் எடுத்துத்தான் ஊற்றுவார். கருமருந்தைத் தவிர வேறு மருந்து இந்தக் குழலுக்கு ஆகாது. புகையில்லா நவீன மருந்தின் அழுத்தத்தை அது தாங்காது.

முதல் வெடிக்கு முன் இன்னும் இரண்டு வேலை இருந்தது. கறள் பிடிக்காமலிருக்கக் குழலுக்குள் பூசியிருந்த எண்ணெயைச் சீலைத் துண்டால் துடைத்து எடுத்தார். எண்ணெய் பட்ட மருந்து ஒழுங்காகப் பற்றாது. குதிரையைப் பாதி இழுத்து நிறுத்தி, விசையை அழுத்திப் பார்த்தார். பாதியில் நின்ற குதிரை விழக்கூடாது. விழுந்தால் அந்தத் துவக்கு கொல்லனிடம் திரும்பிப் போகவேண்டியதுதான்.

சுட்ட பிறகு நடப்பதுதான் இந்தக் கலையின் சரிபாதி. கருமருந்தில் வெடியுப்பு 75 பங்கு, கரி 15, கந்தகம் 10. எரிந்தால் பாதிக்கு மேல் வாயுவாக மாறாது, திடப்பொருளாகவே மிஞ்சும். புகையோடு போனது போக மீதி குழலுக்குள் உப்பாகப் படிந்து, காற்றின் ஈரத்தை இழுக்கும். ஓர் இரவு விட்டால் போதும், விடியக் கறள் பூத்திருக்கும். எண்ணெய் அந்த உப்பைக் கரைக்காது, தண்ணீர் கரைக்கும். இரும்பில் தண்ணீர் ஊற்றுவதா என்று நான் பதறியது நினைவிருக்கிறது. மாமா கொதிக்கக் கொதிக்க ஊற்றினார். கறுப்பாக வந்த தண்ணீர் சாம்பலாகி, பிறகு தெளிந்து வந்தது. குழல் சூடேறிவிட்டதால் மிச்ச ஈரமும் தானாகவே காய்ந்தது. கோல் நுனியில் வெள்ளைச் சீலையைச் சுற்றி உள்ளே விட்டு எடுத்தார். வெள்ளையாகவே திரும்பி வந்த பிறகுதான் எண்ணெய் பூசினார். எத்தனை களைப்பிலும் இதைச் செய்யாமல் அவர் சோற்றுக்கு உட்கார்ந்ததில்லை.

இத்தாலியின் கார்தோனேயில் பெதர்சோலி போன்ற பட்டறைகள் இன்றும் இந்த வகைத் துவக்குகளைப் புதிதாகச் செய்கின்றன. குழலுக்குள் சுழல் பள்ளம் வெட்டிய றைபிளும் அவற்றில் உண்டு. பர்மிங்காமில் 1813 முதல் குழல்களை மிகை மருந்திட்டுச் சோதித்து முத்திரை குத்துகிறார்கள். ஆனால் எந்த முத்திரை இருந்தாலும், வாங்கியவன் முதல் நாள் செய்யவேண்டியது என் மாமா செய்ததேதான்.

கொள்ளுப்பிட்டியில் என் வீட்டு யன்னல் கம்பி வருடம் தவறாமல் கறள் கட்டும். கடற்காற்று இரும்பை விடாது. அதைச் சுரண்டிப் பெயின்ட் அடிக்கும் ஒவ்வொரு முறையும், இத்தனை நூற்றாண்டு கடந்து நிற்கும் அந்தக் குழல்களை நினைப்பேன். கொடிக்கருக்கு வெட்டிய கை ஒன்று; அதைக் கறளிலிருந்து காத்த கைகள் எத்தனையோ. வெட்டியவனின் வேலை சில மாதத்தில் முடிந்திருக்கும். காத்தவர்களின் வேலை இன்னும் முடியவில்லை.

நூதனசாலைக்குப் போகிறவர்கள் துவக்கின் பக்கவாட்டில் நின்று வெள்ளியைப் பார்ப்பார்கள். சிலர் வாய்ப்பக்கம் போய்க் குனிந்து, குழலுக்குள் எட்டிப் பார்ப்பதும் உண்டு. என்னால் அது முடிவதில்லை. வயிறு காய்ந்து இருநூறு ஆண்டுக்கு மேலாகியிருக்கும் என்று தெரியும். ஆனாலும் அந்தக் குழலுக்குள் கோலை இறக்கி நான் அளந்து பார்க்கவில்லையே. கால் தானாக ஓரடி விலகி நிற்கிறது.