எண்ணுக்குள் அடங்காதவள்

கதை எழுதுகிறவனுக்குப் புள்ளிவிவரத்தில் என்ன வேலை என்று நண்பர்கள் கேட்பதுண்டு. ஒரு மனுஷியைச் சொல்ல முந்நூறு பக்கம் எழுதியும் நான் தடுமாறுகிறேன். ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டத்தாரோ ஒரு தேசத்துப் பெண்கள் அத்தனை பேரின் நிலையையும் ஒரே தசம எண்ணில் சொல்லிவிடுகிறார்கள். பொறாமை வராதா?

2010-ல் அவர்கள் அறிமுகப்படுத்திய பாலின ஏற்றத்தாழ்வுக் குறியீட்டைத்தான் சொல்கிறேன். பூஜ்யம் என்றால் சமத்துவம். ஒன்றை நெருங்க நெருங்க அநீதி. பேறுகால மரணம், பதின்வயதுப் பிள்ளைப்பேறு, பார்லிமெண்டு இடங்கள், படிப்பு, உழைப்பு என்று ஐந்து செய்திகளைக் கொண்டு கட்டியது. நோக்கம் நல்லதுதான். ஆனால் படைப்பில் பிசகு இருக்கிறது.

முதல் இரண்டைப் பாருங்கள். ஆண் பிரசவத்தில் சாவதில்லை. ஆக, ஒப்பிட ஆளில்லாத இடத்தில் ஒப்பிடுகிறார்கள். ஆஸ்பத்திரியும் சாலையும் இல்லாத நாட்டில் தாய் செத்தால், அதில் வறுமை எவ்வளவு, ஆணின் அலட்சியம் எவ்வளவு? எண் இரண்டையும் கலந்துவிடுகிறது.

பார்லிமெண்டு இடமும் அப்படித்தான். ருவாண்டாவில் 2008-ல் பெண்கள் மக்கள் சபையில் பாதியைத் தாண்டினார்கள். உலகில் அதுவே முதல் முறை. அதற்குப் பின்னால் 1994-ன் படுகொலையும், 2003 அரசியல் சட்டம் தந்த 30 சதவீத ஒதுக்கீடும் இருக்கின்றன. எண்ணுக்கு அந்தக் கதை தெரியாது.

எல்லாவற்றிலும் பெரிய குறை உழைப்பில்தான். விடியுமுன் அடுப்பு மூட்டி, எல்லோரும் தூங்கிய பின் பாத்திரம் கழுவிக் கவிழ்க்கிறவள் இந்தக் கணக்கில் உழைப்பாளி அல்ல. இந்தியாவில் 2019-ல் நடந்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு வேறொரு செய்தி சொல்கிறது: வீட்டு வேலை செய்யும் பெண்கள் நாளொன்றுக்கு அதற்குச் செலவிட்டது 299 நிமிஷம். ஆண்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவர்தான் அதில் கை வைத்தார். அவரும் 97 நிமிஷத்தோடு எழுந்துவிட்டார்.

பார்த்தீர்களா, எண்ணின் பொய்யைக் காட்ட எனக்கு இன்னோர் எண்தான் உதவிற்று! ஆகவே எண்ணுவதே தவறு என்று நான் சொல்லமாட்டேன். ஆசியாவிலும் வட ஆப்பிரிக்காவிலும் இருந்திருக்கவேண்டிய 10 கோடிக்கும் அதிகமான பெண்கள் இல்லாமற்போனதை 1990-ல் அமர்த்தியா சென் கணக்குப் போட்டுத்தான் சொன்னார். இல்லாதவர்களை எந்த நாவலாசிரியன் கண்டுபிடித்தான்?

குறியீடு அவளை விட்டுவிட்டது என்று குறை சொல்லிக்கொண்டிருக்கும்போதே மனம் உறுத்துகிறது. நம் நாவல்களிலும் அவள் காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போய்விடுகிறாள். அந்த 299 நிமிஷமும் அவள் கூடவே இருந்து பார்த்து எழுதியிருக்கிறோமா?