மாற்று வீரரும் மாற்றுத் தொட்டியும்

சந்திரனுக்குப் புறப்பட்டு, நடுவழியில் பிராணவாயுத் தொட்டி வெடித்து, மூவரும் உயிரோடு திரும்பிய கதை ‘அப்போலோ 13’. 1995இல் வெளிவந்த இந்த அமெரிக்கத் திரைப்படத்தைப் பௌதிக மாணவர்கள் அவசியம் பார்க்கவேண்டும். எனினும் ஒருவருக்கு அது நியாயம் செய்யவில்லை.

1970 ஏப்ரலில், புறப்படச் சில நாட்களே இருக்கையில், தாய்க்கலத்தை ஓட்டவேண்டிய மாட்டிங்லி விலக்கப்பட்டார். உடன் பழகிய டியூக்குக்கு ஜெர்மன் தட்டம்மை. மாட்டிங்லிக்கோ அதற்கு எதிர்ப்புச் சக்தி இல்லை. அவருக்குப் பதிலாக ஸ்விகெர்ட் சென்றார். படத்தில் இவர் அரைகுறைப் பயிற்சியுடன் வந்தவர்போலத் தோன்றுகிறார். கலங்களை இணைக்கும்போது நமக்கே நெஞ்சு படபடக்கிறது. உண்மையில் அவர் மாற்றுக் குழுவில் அதே பணிக்குப் பல மாதங்கள் பயின்றவர். தாய்க்கலம் பழுதானால் செய்யவேண்டியவற்றை வகுப்பதிலும் பங்கு கொண்டவர். அப்படியிருந்தும், மற்ற இருவரோடு மாதிரிக் கலத்தில் சோதித்த பின்னரே அனுப்பினார்கள். பரபரப்புக்காக இந்த ஏற்பாடெல்லாம் பலியாகிவிட்டது.

டியூக்கும் மாற்றுக் குழுவினர்தாம்! படம் இதைப் போகிற போக்கில் சொல்லிவிட்டு நகர்கிறது. ஆபத்துக்கு உதவ வைத்திருந்த ஆளே, கூடிப் பழகியதால், ஆபத்தைக் கொண்டுவந்தார். தொட்டிகளின் கதையும் இதுவே. இரண்டு இருந்தன, ஆனால் அருகருகே இருந்தன. ஒன்று வெடித்ததும் மற்றதும் சேதமடைந்து கசிந்தது. 1971இல் சென்ற அப்போலோ 14இல் மூன்றாவது தொட்டியைத் தனி அறையில் வைத்தார்கள். வீரர்களையும் புறப்படுமுன் 21 நாட்கள் ஒதுக்கி வைத்தார்கள்.

மாட்டிங்லிக்கு அம்மை வரவேயில்லை. 1972இல் அப்போலோ 16இல் அவர் சந்திரனுக்குச் சென்றார், அதே டியூக்குடன்.