பர்மிங்காம் சிறைக் கடிதமும் நமது பிரசங்க பீடமும்

அமெரிக்க நாட்டின் அண்மைக்கால வரலாற்றில் நம் போதகர்கள் நன்கறிந்த நிகழ்ச்சி ஒன்றுண்டெனில், அது 1963 ஆகஸ்ட் 28 அன்று வாஷிங்டன் நகரில் மார்ட்டின் லூதர் கிங் ஆற்றிய உரையேயாகும். கனவு பற்றிய அவ்வுரை சுதந்திர தின ஆராதனைகளிலும் வாலிபர் கூடுகைகளிலும் தவறாது எடுத்தாளப்படுகின்றது. அதற்கு நான்கு திங்களுக்கு முன் அவர் சிறையிலிருந்து வரைந்த கடிதமோ நம் பிரசங்க பீடங்களில் அரிதாகவே ஒலிக்கின்றது. இது தற்செயலன்று என்பது என் துணிபு. உரை திரளான மக்களை நோக்கிப் பேசிற்று. கடிதம் குருமாரை நோக்கிப் பேசுகின்றது.

அதன் சூழல் அறியத்தக்கது. 1963 ஏப்ரல் 12, பெரிய வெள்ளிக்கிழமை. அலபாமா மாநிலத்துப் பர்மிங்காமில் நீதிமன்றத் தடையை மீறி ஊர்வலம் சென்ற கிங்கும் ரால்ப் அபர்நாதியும் சிறைப்படுத்தப்பட்டனர். அதே நாளிட்டு, அம்மாநிலத்தின் எட்டு வெள்ளைச் சமயத் தலைவர்கள் ஓர் அறிக்கை விடுத்தனர். எப்பிஸ்கோப்பல், மெதடிஸ்டு பேராயர்கள், ஒரு கத்தோலிக்கத் துணை ஆயர், ஒரு யூத ரபி, பிரஸ்பிட்டேரியன், பாப்டிஸ்டு குருமார் ஆகியோர் அதிற் கையொப்பமிட்டவர்கள். போராட்டம் காலத்திற்கு ஒவ்வாதது, வெளியார் தூண்டுதலால் நடப்பது, குறைகளை நீதிமன்றத்திலும் பேச்சு வார்த்தையிலும் தீர்த்துக்கொள்ளலாம் என்பது அதன் சாரம். இவர்களைக் கொடிய நிறவெறியர் எனல் பொருந்தாது. நீதிமன்றத் தீர்ப்புகளுக்கு அடங்கி நடக்குமாறு அவ்வாண்டு சனவரியில் வெள்ளையரையே கேட்டுக்கொண்டவர்கள் இவர்களுட் பலர். கடிதத்தின் ஆழம் இங்கேதான் இருக்கிறது. அது பகைவருக்கு எழுதப்பட்டதன்று, நல்லவர்களுக்கு எழுதப்பட்டது.

நாளிதழின் ஓரங்களிலும் கிடைத்த துண்டுத் தாள்களிலும் எழுதத் தொடங்கப்பட்டு, ஏப்ரல் 16 எனத் தேதியிடப்பெற்ற இக்கடிதத்தில் அகுஸ்தீன், அக்குவினா, பூபர், டில்லிக், நீபூர் எல்லாரும் வருகின்றனர். மக்கெதோனியாவுக்கு அழைக்கப்பட்ட பவுலும், நேபுகாத்நேச்சாருக்குக் கீழ்ப்படியாத மூன்று வாலிபரும் வருகின்றனர். சிறையில் நூல்கள் ஏது என்று வியப்போர் உளர். அது பெரிதன்று, கல்லூரியில் கற்றது நெஞ்சிற் பதிந்திருந்தால் அவ்வளவே. வியக்கத்தக்கது அதன் வாக்கிய அமைப்பு.

கடிதத்தின் முற்பகுதியில் முந்நூறு சொற்களுக்கு மேற்பட்ட வாக்கியம் ஒன்றுண்டு. கும்பலாற் கொல்லப்பட்ட பெற்றோர், வசைபாடும் காவலர், கேளிக்கைப் பூங்கா உனக்குத் திறவாது என்று ஆறு வயது மகளிடம் சொல்ல நாக்குழறும் தந்தை, எந்த விடுதியும் இடந்தராமையால் வண்டியிலேயே உறங்கும் பயணி என்று துணைத்தொடர்கள் அடுக்கி வர, முடிக்கும் தொடர் வாராமலே தள்ளிப்போகின்றது. பொறுத்திருங்கள் என்று புத்தி சொன்னவர்களை ஆசிரியர் இலக்கணத்தாலேயே காக்க வைக்கிறார். ஆங்கிலத்தில் வினைமுற்று முன்னே வருவது இயல்பாதலின் இத்தாமதம் படிப்போரை மூச்சுத் திணறச் செய்யும். தமிழிலோ வினைமுற்று இறுதியில்தான் நிற்கும்; காத்திருப்பது நம் வாக்கியத்தின் இயற்கை. ஆகவே நேரே மொழிபெயர்த்தால் வாக்கியம் நீளுமேயன்றி உறுத்தாது. எளிமை கருதிச் சிறுசிறு வாக்கியங்களாக உடைத்தாலோ கடிதத்தின் முதுகெலும்பே முறிந்துபோகும். ‘போது’ என்னும் சொல்லை ஒவ்வொரு துணைத்தொடரின் ஈற்றிலும் விடாது நிறுத்தி, அதன் ஓசை சலிப்பூட்டும் எல்லைவரை கொண்டுபோவதொன்றே வழியெனத் தோன்றுகிறது.

கிங்கின் எழுத்துக்களில் குறையில்லை என்பதன்று. 1959 பிப்ரவரி 10 அன்று அவர் துணைவியாருடன் தில்லி வந்து, ஏறத்தாழ ஒரு மாதம் நம் நாட்டைச் சுற்றினார். சென்னை, காந்திகிராமம், மதுரை, கன்னியாகுமரி ஆகியவற்றையும் கண்டார். ஊர் திரும்பியபின், தீண்டப்படாதார் என ஒதுக்கப்பட்டவர்களுக்கு இந்திய அரசு செய்துவரும் உதவிகளைப் பெரிதும் பாராட்டி எழுதினார். காந்தி நினைவு நிதியின் விருந்தினர் ஆதலின் விருந்தளித்தோர் கண்கொண்டே சாதியைக் கண்டார் என்று சொல்வதில் தவறில்லை. அம்பேத்கர் 1956-லேயே மறைந்துவிட்டார். அட்டவணைச் சாதியாருக்கான 1950-ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை, தம் சக கிறிஸ்தவர்களைப் புறத்தே நிறுத்தியிருந்ததை அவர் அறிந்திருந்ததாக அப்பாராட்டுரையில் குறிப்பேதும் இல்லை.

அப்பொருள் எமக்கு அண்மையது. நான் இதனை எழுதும் மணப்பட்டு, பாகூர் கொம்யூனைச் சேர்ந்த கடலோரச் சிற்றூர். புதுச்சேரிக்கென அட்டவணைச் சாதியார் ஆணை தனியே பிறந்தது 1964-ல். அதே ஆண்டு ஜூலை 2 அன்றுதான் அமெரிக்கக் குடியுரிமைச் சட்டம் கையொப்பமாயிற்று. பர்மிங்காமின் போராட்டம் அங்கே சட்டமாகக் கனிந்த ஆண்டிலே, இங்கே கிறிஸ்தவனான ஆதிதிராவிடன் பட்டியலுக்கு வெளியே நிறுத்தப்பட்டான். ஞானஸ்நானப் பதிவேட்டில் ஒரு பெயரும் பள்ளிச் சான்றிதழில் வேறு பெயருமாக வாழும் குடும்பங்களை, இப்பகுதியில் ஊழியம் செய்யும் எவரும் அறிவர். அறிந்தும் அதுபற்றிப் பேசாதிருப்பதே நம் வழக்கம்.

பேசாமையின் விலை என்னவென்பதை 1985-ஆம் ஆண்டின் சூசை வழக்கு காட்டும். சென்னையில் சாலையோரம் செருப்புத் தைத்துப் பிழைத்த ஒருவர், தம்மையொத்த இந்துத் தொழிலாளருக்கு அரசு இலவசமாக வழங்கிய பெட்டிக்கடை, கிறிஸ்தவர் என்பதால் தமக்கு மறுக்கப்பட்டதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் சென்றார். மதம் மாறிய பின்னரும் சாதிக்கொடுமை அதே கடுமையுடன் தொடர்கின்றது என்பதற்குப் போதிய சான்று வைக்கப்படவில்லை எனக் கூறி நீதிமன்றம் மனுவைத் தள்ளிற்று. அச்சான்று யாரிடம் இருந்தது? ஒரே சபைக்கு இரண்டு கல்லறைத் தோட்டம் வைத்திருந்தவர்களிடம் இருந்தது. கிறிஸ்தவத்திற் சாதியில்லை என்று மேடையில் முழங்கியவர்கள், அறியாமலே தம் மக்களுக்கு எதிராகச் சாட்சி பகர்ந்தார்கள்.

இன்னொன்றும் கூறவேண்டும். 1968 ஏப்ரல் 4 அன்று மெம்பிஸ் நகரில் கிங் சுடப்பட்டதை நாம் நினைவு கூர்கின்றோம். துப்புரவுத் தொழிலாளரின் வேலைநிறுத்தத்திற்குத் துணைநிற்கவே அவர் அங்கே சென்றார் என்பதைச் சொல்வோர் சிலரே. அதே ஆண்டு டிசம்பர் 25 இரவில், கூலி உயர்வு கேட்டதற்காகக் கீழ்வெண்மணியில் 44 பேர் எரிக்கப்பட்டனர். கிறிஸ்து பிறப்பின் இரவு அது. நம் கிறிஸ்துமஸ் பிரசங்கங்களில் அந்த ஊரின் பெயரைக் கேட்டவர் எத்தனை பேர்?

கடிதத்தை முழுமையாகத் தமிழாக்க முற்படுவோர்க்கு ஒரு சொல் தடையாக நிற்கும். கிங்கின் மிகக் கடுமையான குற்றச்சாட்டு, முகமூடி அணிந்து வரும் வெறியர்மீதன்று. ஒழுங்கை நீதியினும் மேலாக மதித்து, இன்னுங் கொஞ்சம் பொறு என்னும் நல்லெண்ண வெள்ளையர்மீது. அவரை நாம் ‘மிதவாதி’ என்று பெயர்ப்போம். ஆனால் தமிழில் அச்சொல் கோகலே காலத்திலிருந்து மதிப்புக்குரியது. நிதானமான ஆயர் ஒருவருக்கு நாம் மகிழ்ந்து சூட்டும் பட்டம் அது. வசையாக வந்தது வாழ்த்தாக மாறிவிடும். ‘காலம் வரட்டும் என்பவர்’ என்று பெயர்ப்பது சற்றே நெருங்கி வருகிறது. சபைக் கமிட்டிக் கூட்டங்களில் அடிக்கடி கேட்கும் வாக்கியமாதலால், யாரைக் குறிக்கிறது என்று எவரும் கேட்க வேண்டியிராது.