வாத்தியாரைக் கடித்த பையன்

உண்மைக் கதை என்ற முத்திரையோடு வரும் ஆசிரியர் படங்களைப் பார்த்துப் பார்த்து நமக்கு அவற்றின் போக்கு மனப்பாடம். முரட்டுப் பிள்ளை, சளைக்காத ஆசிரியர், கடைசியில் மேடை, கைதட்டல், கண்ணீர். ஃபிரான்ஸ்வா த்ரூஃபோ 1970-ல் கொண்டுவந்த ‘தி வைல்ட் சைல்ட்’ படத்தில் மேடையும் கிடையாது, கைதட்டலும் கிடையாது. ஒன்றரை மணி நேரம்கூட ஓடாத கறுப்பு வெள்ளைப் படம். பாதிக்கு மேல் பாடம்தான் நடக்கிறது. பாடம் நடத்துவதை இவ்வளவு விறுவிறுப்பாகப் படமாக்க முடியும் என்று அதைப் பார்த்துத்தான் நம்பினேன்.

தெற்கு ஃபிரான்ஸின் அவேரோன் பகுதிக் காடுகளில் தன்னந்தனியாகத் திரிந்த, பேசத் தெரியாத சிறுவனை 1800-ல் பாரிஸில் இருந்த காது கேளாதோர் பள்ளிக்குக் கொண்டுவந்தார்கள். இவன் பிறவியிலேயே மூளை வளராதவன், தேறமாட்டான் என்றார் புகழ்பெற்ற மருத்துவர் பினெல். ழான் இதார் என்ற இளம் டாக்டர் அதை ஏற்கவில்லை. மனிதர் நடுவே வளராததுதான் பையனுடைய குறை என்று வாதாடிப் பொறுப்பை எடுத்துக்கொண்டார். விக்டர் என்று பெயரும் வைத்தார். நடந்ததையெல்லாம் 1801-லும் 1806-லும் இரண்டு அறிக்கைகளாக எழுதிக் கொடுத்தார்.

அறிக்கையைப் படமாக்குவது சாதாரணக் காரியமில்லை. த்ரூஃபோவும் திரைக்கதையில் அவருடன் உழைத்த ழான் க்ரூவோவும் அதை இதாரின் நாட்குறிப்பாக மாற்றிவிட்டார்கள். மேசையில் உட்கார்ந்து பேனாவால் எழுதுகிறார், குரல் ஒலிக்கிறது, அடுத்த பாடம் தொடங்குகிறது. இந்த ஒரு மாற்றத்தில், இன்று பலித்தது நாளை பலிக்குமா என்று தெரியாத ஆசிரியரின் தவிப்பு முழுக்கத் திரைக்கு வந்துவிடுகிறது.

எனக்கு மிகப் பிடித்த காட்சி இந்தத் தவிப்பில்தான் பிறக்கிறது. தப்பு செய்தால் விக்டரை இருட்டறையில் அடைப்பது வழக்கம். அவன் அடங்கிப்போகிறான். பயத்தால் அடங்குகிறானா, நியாயம் தெரிந்து அடங்குகிறானா? இதாருக்கு விளங்கவில்லை. ஒரு நாள், சொன்னதைச் சரியாகச் செய்து முடித்த பையனைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு போய் அதே அறையில் தள்ளப் பார்க்கிறார். விக்டர் திமிறுகிறான், உதைக்கிறான், வாத்தியாரின் கையைக் கடித்துவிடுகிறான். இதாருக்கு ஆனந்தம் தாங்கவில்லை. அநியாயம் எது என்று பையனுக்குத் தெரிந்துவிட்டது! பையனை அணைத்துக்கொள்கிறார். இந்தச் சோதனை அறிக்கையிலேயே இருக்கிறது, இயக்குநரின் கற்பனை இல்லை. ஆனால் அணைப்பைப் பார்க்கும்போதே, இப்படிச் சோதிக்க இவருக்கு என்ன உரிமை என்ற கேள்வியும் நமக்குள் எழும்படி த்ரூஃபோ எடுத்திருக்கிறார். நெஸ்தோர் அல்மெந்த்ரோஸின் கேமரா விலகி நின்று பார்க்கிறது. அழச் சொல்லி எந்த வயலினும் நம்மை இடிக்கவில்லை. படத்தில் விவால்டியின் இசை வருகிறது, அளவோடு.

இதாராக நடித்தவர் த்ரூஃபோவேதான். விக்டராக வந்த ழான்-பியேர் கார்கோல் நடிப்புப் பழக்கமில்லாத ரோமா இனச் சிறுவன். அவனுக்கும் தனக்கும் நடுவில் இன்னொரு நடிகர் வேண்டாம் என்று இயக்குநர் முடிவு செய்தார். தோளைப் பிடித்துத் திருப்புவது, முகவாயைத் தூக்கி வெளிச்சத்தில் பார்ப்பது எல்லாம் ஒரே நேரத்தில் வைத்தியமாகவும் பாடமாகவும் இயக்கமாகவும் ஆகிவிடுகின்றன. குரலை உயர்த்தாத, சிரிப்பைச் சிக்கனமாகச் செலவழிக்கும் அந்த நடிப்பை விறைப்பு என்று சொன்னவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றியதே இல்லை. பொறுப்பை உணர்ந்த மனிதர் அப்படித்தான் இருப்பார்.

ஆர்தர் பென் 1962-ல் எடுத்த ‘தி மிராக்கிள் வொர்க்கர்’ இதற்கு நேர் எதிர் சுபாவம். ஆசிரியை ஆன் சலிவனும், பார்வையும் கேட்கும் திறனும் இல்லாத சிறுமி ஹெலன் கெல்லரும் சாப்பாட்டு அறையில் ஒன்பது நிமிடம்போல் மல்லுக்கட்டும் காட்சியில் பேச்சே அநேகமாக இல்லை. தட்டில் இருப்பதைக் கரண்டியால் எடுத்துச் சாப்பிட வைக்க வேண்டும், அவ்வளவுதான் பாடம். அடிபடாமல் இருக்க ஆன் பேன்க்ராஃப்டும் பேட்டி டியூக்கும் உடைக்குள் பஞ்சு வைத்துக்கொண்டு நடித்தார்கள். இருவருக்கும் ஆஸ்கர் கிடைத்தது நியாயம்தான். அந்தப் படம் தண்ணீர்க் குழாயடியில் ஹெலனுக்கு மொழி திறக்கும் கணத்தில் போய் நிற்கிறது. நடந்ததும் அதுதான்.

விக்டருக்கு அப்படி ஒரு கணம் வாய்க்கவில்லை. மரத்தில் வெட்டிய எழுத்துகளை அடுக்கிப் ‘பால்’ என்று கேட்கிறான், பேச்சு மட்டும் கடைசிவரை வரவில்லை. (இதாரின் முறைகள் அவருடைய மாணவர் செகான் வழியாக மரியா மாண்டிசோரியிடம் போயின. கையால் எடுத்து அடுக்கும் எழுத்துகள் மாண்டிசோரி வகுப்புகளில் இன்றும் இருக்கின்றன. 1939-ல் மாண்டிசோரியே சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார்.) ஓடிப்போன விக்டர் தானாகத் திரும்பி வருகிறான், பாடம் மறுபடி தொடங்கும் என்கிறார் இதார், படம் முடிகிறது. நிஜத்தில் சில ஆண்டுகளில் இதார் முயற்சியைக் கைவிட்டார். பையனை இப்படிப் போட்டு வாட்டுகிறீர்களே என்று படத்தில் அவரிடம் சண்டை போடும் வீட்டுப் பணிப்பெண் மதாம் கெரான்தான் விக்டரைப் பார்த்துக்கொண்டார். 1828-ல் அவன் இறந்தான். பாடங்கள் நின்ற பிறகு அவர்கள் இருவரும் கழித்த அந்த வருடங்களையும், இதே நிதானத்தோடு, யாராவது படமாக்க வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாளாக ஆசை.