சடுகுடுவில் பாட்டும் கடிகாரமும்

கபடி இரசிகர்களிடையே சில ஆண்டுகளாக நடந்து வரும் வழக்கு ஒன்று தமிழாசிரியர் செவிக்கும் எட்டத் தக்கதாய் உள்ளது. 2014-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் இந்தியாவில் தொடங்கிய புரோ கபடி லீக், தலைமுறை தலைமுறையாக ஆடப்பட்டு வந்த ஓர் ஆட்டத்தைக் கடிகாரத்துக்கும் ஒளிவிளக்குக்கும் ஏற்ப மாற்றி அமைத்தது. அன்று முதல், ஆட்டம் கெட்டது என்பார் ஒரு சாரார். ஆட்டம் பிழைத்தது என்பார் மற்றொரு சாரார். செனாவாங் வட்டாரத்தில் தோட்டத்து முதியோர் கூடும் இடங்களிலும் இவ்வழக்குக் கேட்கக் கூடியதே. மண் திடலில் முழங்கால் தேய ஆடியவர் ஒருபுறம். தொலைக்காட்சியில் மட்டுமே ஆட்டத்தைக் கண்ட இளைஞர் மறுபுறம். இரு திறத்தாரும் கூறுவனவற்றைப் பொறுமையோடு கேட்டால், அவர்கள் வழக்கிடுவது பெரும்பாலும் ஆட்டத்தின் புறத்தைப் பற்றியே என்பது புலப்படும்.

மாற்றங்கள் யாவை என்பதை முதலில் நோக்குதல் வேண்டும். ஒருவர் எதிரணியின் களத்துக்குப் பாடிச் சென்று மீளும் காலம் 30 நொடி என வரையறுக்கப்பட்டது. ஓரணியினர் அடுத்தடுத்து இருமுறை வெறுங்கையோடு மீண்டால், மூன்றாம் முறை செல்பவர் புள்ளி எடுத்தே ஆதல் வேண்டும். எடாது திரும்பின் ஆட்டமிழப்பார். களத்தில் மூவரோ அதனினும் குறைந்தவரோ எஞ்சி நிற்கையில், அவர்கள் பாடி வந்தவரைப் பிடித்துவிட்டால் ஒரு புள்ளி மிகுதியாகப் பெறுவர். ஐயம் எழுந்தால் ஒளிப்படத்தைத் திருப்பிப் பார்த்து முடிவு கேட்கும் உரிமையும் அணிகளுக்கு உண்டு.

இம்மாற்றங்களை வெறுப்போர் ஒன்றை மறந்துவிடுகின்றனர். பழைய ஆட்டத்தில் ஒரு நோய் இருந்தது. முன்னணியில் இருக்கும் அணியின் வீரர் எதிரிக் களத்தில் கடக்க வேண்டிய கோட்டை ஒருமுறை கடந்து, பிறகு நடுக்கோட்டருகிலேயே நின்று பாடிக்கொண்டிருந்து, மூச்சு முடியுமுன் திரும்பிவிடுவார். அடுத்து வருபவரும் அவ்வாறே செய்வார். இரண்டு அணியினரும் ஒருவரை ஒருவர் தொடாமலே பொழுது கழியும். வென்றவருக்கு அது சூழ்ச்சி. பார்ப்பவருக்கு அது கொட்டாவி. மூன்றாம் முறை புள்ளி எடுத்தே தீரவேண்டும் என்ற விதி இந்நோயை ஏறத்தாழ முற்றிலும் நீக்கிற்று. மூவர் மட்டும் நிற்கும் அணிக்கு மிகைப்புள்ளி தருவதும் அத்தகையதே. தோற்கும் நிலையில் உள்ளவர்க்கு ஒரு நம்பிக்கையை அது விட்டுவைக்கிறது. வகுப்பறையில் கடைசி வரிசைப் பிள்ளைக்கும் விடை சொல்லும் வாய்ப்பை வைத்துக் கொடுக்கும் ஆசிரியர் இதன் அருமையை உணர்வர். ஆதலின், லீக்கின் விதிகள் அனைத்தும் வாணிகத்தின் பொருட்டே வந்தன என்பது நேர்மையான திறனாய்வு ஆகாது.

மண் போய் மெத்தை விரிப்பு வந்ததைப் பற்றியும் புலம்பல் மிகுதி. இதற்கு மலேசியர் நன்கறிந்த உவமை ஒன்று உண்டு. 1975-ஆம் ஆண்டு கோலாலம்பூர் மெர்டேக்கா அரங்கில், புல்தரையில், இந்திய ஹாக்கி அணி பாகிஸ்தானை 2–1 என வென்று உலகக் கோப்பையைப் பெற்றது. மறு ஆண்டே மொண்ட்ரியால் ஒலிம்பிக்கில் செயற்கைத் தரை விரிக்கப்பட்டது. அவ்வணி ஏழாம் இடத்துக்கு இறங்கிற்று. தரை மாறினால் ஆட்டக்காரரின் கைத்திறனும் மாற வேண்டியுள்ளது. புதிய தரையை வாங்க இயன்ற நாடு முந்துகிறது, இயலாத சிற்றூர்ப் பிள்ளை பிந்துகிறான். கபடியிலும் இக்குறை உண்மையே. மண்ணில் கற்ற பிள்ளை மெத்தையில் காலணியோடு ஆடத் தனியே பழக வேண்டும். ஆயினும், மண்ணில் விழுந்து தோள் உரியாத மெத்தையைப் பழிக்க எந்தத் தாய்க்கும் மனம் வராது.

விதி மாற்றத்தின் உண்மையான இடர், விதிகள் இரண்டாகப் பிரிந்து நிற்பதால் வருவது. 2023-ஆம் ஆண்டு அக்டோபர் 7-ஆம் நாள், ஹாங்சோ ஆசிய விளையாட்டில் ஆடவர் இறுதியாட்டம் இதற்குச் சான்று. இந்தியாவும் ஈரானும் 28–28 எனச் சமநிலையில் இருந்தன. ஏறத்தாழ ஒரு நிமிடமே எஞ்சியிருந்தது. பாடிச் சென்ற பவன் செராவத் எவரையும் தொடாமலே களத்தின் ஓரப்பட்டையில் கால் வைத்தார். அவரைத் துரத்திய ஈரான் வீரரும் அதனுள் புகுந்தனர். தொடுதல் நிகழுமுன் அப்பட்டையுள் புகுந்த பிடிப்போரும் வெளியேற வேண்டும் என்பது பழைய விதி. பாடிச் சென்றவர் மட்டும் வெளியேறினால் போதும் என்பது லீக் ஆட்டங்களில் பழகிப்போன புதிய விதி. எது செல்லும் என்பதில் நடுவர் முடிவு மாறி மாறி வந்தது. இரு நாட்டு வீரரும் களத்தில் அமர்ந்துவிட்டனர். ஆட்டம் ஏறத்தாழ ஒரு மணி நேரம் நின்றது. முடிவில் இந்தியா 33–29 என வென்றது. 1990 முதல் எல்லா ஆசிய விளையாட்டுகளிலும் பொன் வென்ற இந்திய ஆடவர் அணியை 2018-இல் ஜகார்த்தாவில் ஈரான் வீழ்த்தியிருந்தது என்பதையும் நினைவிற்கொண்டால், அந்த ஒரு மணி நேரத்தின் சூடு விளங்கும். இலக்கண நூல் இரண்டு முரண்பட்டால் உரையாசிரியர் அமைதி கூறிச் செல்வர். இறுதியாட்டத்தில் அவ்வாறு அமைதி கூற இடமில்லை.

இனி, அகத்தைப் பார்ப்போம். தமிழ்ச் செய்யுளை முதல், கரு, உரி என மூவகைப் பொருளாகப் பகுத்து ஆராய்வது ஆசிரியர் அறிந்த முறை. நிலமும் பொழுதும் முதற்பொருள். அந்நிலத்துக்குரிய மாவும் மரமும் தொழிலும் கருப்பொருள். அங்கு நிகழும் ஒழுக்கம் உரிப்பொருள். முதலினும் கருவும், கருவினும் உரியும் சிறப்புடையன என்பது தொல்காப்பியர் கொள்கை. இவ்வளவுகோலைச் சடுகுடுவின் மேல் வைத்தால் இரசிகர் வழக்கு எளிதில் வரிசைப்படும். மண்ணோ மெத்தையோ, அது நிலம். முப்பது நொடியோ நாற்பது நிமிடமோ, அது பொழுது. எழுவர் அணியும் காலணியும் புள்ளிப்பலகையும் கரு. உரி என்பது ஒன்றே: ஒருவன் ஒரே மூச்சில் பாடிக்கொண்டு பகைவர் நிலம் புகுந்து, அம்மூச்சு அறுமுன் மீளுதல். உலகில் ஓடிப் பிடிக்கும் ஆட்டங்கள் பல உள. மூச்சை எல்லையாக வைத்த ஆட்டங்கள் அரியன.

தமிழ்நாட்டுச் சிற்றூர்களிலும், அங்கிருந்து பால்மரக் காட்டுக்கு வந்தோர் வாழ்ந்த லயங்களிலும், இம்மூச்சை அளந்தது பாட்டு. பாடிப் போதல் என்றே அச்செயலுக்குப் பெயர். இன்றும் தமிழ்நாட்டில் ஆட்டக்காரர் பாடினான், பாடி வந்தான் என்கின்றனர். ஆனால் அவர் பாடுவது எதுவும் இல்லை. முன்னாளில் இரண்டோ மூன்றோ அடி கொண்ட சிறு பாட்டு இருந்தது. தன் வலியையும் தன் ஊரையும் உயர்த்தியும், எதிரியை எள்ளியும் அது அமையும். புறத்திணை நூலார் நெடுமொழி என்று பெயரிட்ட தற்புகழ்ச்சி இது. அதைக் கொண்டு சடுகுடுவே வெட்சிப் போரின் எச்சம் என்று நிறுவ முனைவோர் உளர். கபடி என்ற பெயர் கைபிடி என்பதன் திரிபு என்போரும் உளர். ஒலி ஒப்புமையும் செயல் ஒப்புமையும் சான்று ஆகா. பாட்டின் சுவையை உணர அத்தகைய பழமை தேவையும் இல்லை.

இப்பாட்டின் அமைப்பு கருதத் தக்கது. நடுக்கோட்டைக் கடந்து எதிரிகளை அளந்து நோக்கும்வரை அடிகள் நீட்டிப் பாடப்படும். நெருக்கம் வந்ததும் கடைச்சொல் ஒன்றே மீண்டும் மீண்டும் விரைந்து வரும். நெட்டெழுத்துகள் முன்னே, குற்றெழுத்துகள் பின்னே. கையும் காலும் பிணங்கும் வேளையில் பொருள் உள்ள சொல்லைச் சொல்ல இயலாது. ஒலி மட்டுமே நிற்கும். சடுகுடு என்ற சொல்லையே எடுத்துக்கொள்க. நான்கும் குறில், நான்கும் வல்லினம், அசை பிரித்தால் கருவிளம். அதைச் சொல்லுங்கால் இதழ்கள் குவியுமேயன்றி ஒட்டுவதில்லை. நாவே தொழில் செய்கிறது. வல்லினம் ஒவ்வொன்றும் காற்றை ஒரு கணம் அடைத்து நிறுத்துவதால் மூச்சு சிக்கனமாகச் செலவாகிறது. கற்றறியாத மக்கள் இதைக் கணக்கிட்டு அமைத்தனர் என்பதன்று. பாடிப் பாடி, மூச்சை வீணாக்கும் சொற்கள் உதிர்ந்து, உதவும் சொற்கள் நின்றன. நாட்டார் பாடல் தொகுத்தோர் அச்சிட்ட ஏடுகளில் சடுகுடுப் பாட்டுகள் சுவை குன்றித் தோன்றுவதற்குக் காரணமும் இதுவே. அடிகள் ஏட்டில் ஏறின; கடைச்சொல்லின் அடுக்கு ஏறவில்லை. பாதிப் பாட்டே நமக்குக் கிடைத்தது.

இப்பாட்டைக் கொன்றது லீக்கின் கடிகாரமன்று. இதை இரு சாரார்க்கும் எடுத்துரைத்தல் வேண்டும். ஆட்டம் மராட்டிய நாட்டில் ஹுதுது என்றும், வங்கத்தில் ஹடுடு என்றும், ஆந்திரத்தில் செடுகுடு என்றும் வழங்கியது. 1918 அளவில் சதாராவிலும், 1923-இல் பரோடாவிலும் விதிகள் ஒழுங்கு செய்யப்பட்டன. 1950-இல் அகில இந்தியக் கூட்டமைப்பு தோன்றியது. பொது விதிநூலில், பாடுதற்கு ஏற்புடைய சொல் கபடி ஒன்றே என்று வரையறை செய்யப்பட்டது. தமிழ்ப் பாட்டும் வங்கப் பாட்டும் தெலுங்குப் பாட்டும் அவ்வொரு தொடரால் களத்துக்கு வெளியே நின்றன. எவரும் வழக்கிட்டதாகத் தெரியவில்லை. நொடிக் கணக்குக்காகக் குரலெழுப்பும் இன்றைய பழமை விரும்பிகளே, பள்ளிப் பருவத்தில் பாட்டை விட்டுக் கபடி கபடி என்று சொல்லிப் பழகிய தலைமுறையினர்.

அவ்வரையறைக்கும் நியாயம் உண்டு. மூச்சு அறுந்ததா என்று கேட்பவர் நடுவர். ஒவ்வொருவரும் தத்தம் மொழியில் விரும்பிய பாட்டைப் பாடினால், அடிக்கும் அடிக்கும் இடையே ஒருவர் காற்றை உள்ளிழுத்ததை வேற்றுமொழி நடுவர் எவ்வாறு பிடிப்பார்? ஒரே சொல் இடையறாது ஒலித்தால் அறுபடும் இடம் செவிக்குத் தெரியும். ஈரானைச் சேர்ந்த ஃபசல் அத்ராச்சலி இந்திய லீக்கில் அணித்தலைவராய் நின்று புகழ் பெற முடிந்ததற்கும், தாய்மொழி வேறான நாடுகள் இவ்வாட்டத்தை ஏற்றதற்கும் அப்பொதுச் சொல் துணை செய்தது. ஆகவே அனைத்துநாட்டு ஆட்டத்தில் பழைய பாட்டு மீள வேண்டும் என்று கேட்பது முறையன்று.

கடிகாரம் செய்தது வேறொரு தீங்கு. விதிநூலில் மூச்சு இன்னும் நீங்கவில்லை; ஒரே மூச்சு என்ற சொல் அங்கே உள்ளது. ஆனால் அரங்கின் கண் அனைத்தும் குறைந்து வரும் நொடி எண்ணின்மேல். வீரரின் வாய் அசைகிறது; வருணனையும் ஆரவாரமும் அவர் குரலை மூடிவிடுகின்றன. நீண்ட மூச்சுடையவனுக்கும் குறுகிய மூச்சுடையவனுக்கும் இப்போது ஒரே முப்பது நொடி. பொழுது என்னும் முதற்பொருள் உரிப்பொருளின் இருக்கையில் அமர்ந்துகொண்டது. மெத்தையைப் பற்றியும் மிகைப்புள்ளியைப் பற்றியும் விடிய விடிய வழக்கிடும் இரசிகர் இவ்விடத்தில் வாளா இருப்பது வியப்பே. நடுவர் செவிக்கும் காண்போர் செவிக்கும் வீரரின் குரல் எட்டுமாறு ஓர் ஒலிவாங்கியைச் சீராகப் பயன்படுத்தினாலே இக்குறையிற் பாதி தீரும். விதி எதையும் மாற்ற வேண்டியதில்லை.

செனாவாங்கைச் சுற்றியிருந்த தோட்டங்கள் பல தொழிற்பேட்டையாகவும் தாமான்களாகவும் மாறிவிட்டன. தோட்டம் போன பின்னும் தோட்டத்தின் பெயரைத் தாங்கி நிற்கும் தமிழ்ப்பள்ளிகள் மலேசியாவெங்கும் உள. லயத்துத் திடலில் பாடிப் போனவர்கள் இன்று அப்பள்ளிப் பிள்ளைகளின் பாட்டன்மாராய் அடுக்குமாடி வீடுகளில் அமர்ந்துள்ளனர். பாட்டு அவர்களோடு உள்ளது. பள்ளியின் உள்விளையாட்டுக்கும் கோவில் திருவிழா ஆட்டத்துக்கும் பொது விதிநூல் கட்டாயமன்று. அங்கே ஒருவேளையேனும் சொல் வரையறையை நீக்கிப் பிள்ளைகளைப் பாடவிடலாம். பாட்டன்மாரிடம் கேட்டு எழுத முற்படும் ஆசிரியர், அவர்களை நாற்காலியில் இருத்தி அடிகளை மட்டும் கேட்டல் போதாது. எழுந்து நிற்க இயலுமாயின் நின்று, ஒரே மூச்சில் பாடச் சொல்லி, கடைச்சொல் எத்தனை முறை வந்தபின் மூச்சு அற்றது என்பதையும் அடியின்கீழ்க் குறித்துக்கொள்ளுதல் வேண்டும்.